வடசென்னையில் நீராவி இன்ஜினையும் கூட்ஸ் வண்டியையும் பார்த்துப் படம்பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கூட்ஸ் வண்டிக்கு நாம் பார்த்துவிட்டுக் கிளம்பும்படியான கால அட்டவணை கிடையாது. கும்மிடிப்பூண்டி லோக்கல் எத்தனை மணிக்குக் கொருக்குப்பேட்டையைத் தாண்டும் என்பதைக் கைப்பேசியிலேயே தெரிந்துகொள்ளலாம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிய வண்டி எப்போது அத்திப்பட்டு புதுநகரை விட்டு நகரும் என்பதோ, பயணிகள் வண்டிகளுக்கு நடுவில் அன்றைக்கு எங்கே இடைவெளி கிடைக்கிறது என்று ரயில்வே கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருப்பவர் எடுக்கும் முடிவைப் பொறுத்தது. ஆதலால் கூட்ஸ் வண்டியைப் படம்பிடிக்க விரும்புகிறவர் முதலில் காத்திருக்கப் பழக வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது, சிக்னல் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நீராவி இன்ஜின் ஓடினால் ஆயிரம் பேர் கைப்பேசியோடு வந்து நிற்கிறார்கள். கூட்ஸ் வண்டி தினமும் ஓடுவதால் யாரும் அதைப் பதிவு செய்வதில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து நிலக்கரியும் அங்கே வந்த இரும்புத் தாதுவும் ஒரு காலத்தில் ராயபுரம் வழியாக நாள்தோறும் போய்வந்துகொண்டிருந்தன. தூசு மாசு பற்றிய வழக்கில் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் 2011இல் அந்தச் சரக்குகள் அங்கே நின்றுபோயின. அந்த வண்டிகளை அன்று முழுமையாகப் படம்பிடித்து வைத்தவர்கள் மிகக் குறைவு. இனி எடுக்கவும் முடியாது. இந்த வழிகாட்டி இரண்டு வகை வண்டிகளுக்கும் உரியதுதான். ஆயினும் என் அக்கறை கூட்ஸ் வண்டியின் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்வதற்கு இதுவே காரணம்.

முதல் படி: நீராவி இன்ஜின் எப்போது, எங்கே

சென்னையில் ஓடக்கூடிய நிலையில் இருக்கும் பாரம்பரிய நீராவி இன்ஜின், ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயரிடப்பட்ட இ.ஐ.ஆர். 21. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் செய்யப்பட்ட இந்த இன்ஜின், கிழக்கிந்திய ரயில்வேயில் உழைத்து 1909இல் ஓய்வு பெற்ற பின், ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறாண்டுக்கும் மேலாகக் காட்சிப்பொருளாக நின்றது. அதை 2010இல் மறுபடியும் ஓட வைத்தவர்கள் நம் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள். வடசென்னைக்காரர்கள் இதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாட்களை ஒட்டி எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே ஒற்றைப் பெட்டியுடன் அது ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தெற்கு ரயில்வே தனியாக அறிவிப்பதால், அந்த நாட்களுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே செய்தித்தாளைக் கவனித்து வர வேண்டும்.

தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஆகஸ்டைவிட ஜனவரி ஓட்டத்துக்குப் போவது நல்லது. இன்ஜினிலிருந்து வெளிவரும் நீராவி, குளிர்ந்த காற்றில் பட்டுக் குளிர்ந்து நுண்துளிகளாகும்போதுதான் வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகஸ்ட் மாத வெயிலில் அது புகைபோக்கியை விட்டு வெளியேறிய சற்று நேரத்திலேயே கரைந்துவிடும். தை மாதக் காலையில் அதே நீராவி பெட்டியின் கூரையைத் தாண்டியும் நீண்டு கிடக்கும். கரும்புகை வேறு சங்கதி. அது அடுப்பில் நிலக்கரி அள்ளிப் போட்டவுடன் வருவது. ஃபயர்மேன் மண்வாரியைக் கையில் எடுப்பதைக் கவனித்தால் அடுத்துப் புகை வரப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

இந்த இன்ஜினில் உந்துசக்கரம் ஒரே ஒரு ஜோடிதான். முன்னும் பின்னும் உள்ள சக்கரங்கள் எடையைத் தாங்குகின்றனவே தவிர, இழுப்பதில்லை. எனவே வண்டி கிளம்பும் தருணத்தில் கேமராவை முகப்பில் வைக்காமல், அந்தப் பெரிய சக்கரத்தின் உயரத்துக்கு இறக்கி வைத்துக் காத்திருங்கள். தண்டு முன்னே தள்ளிப் பின்னே இழுத்து, சக்கரம் முதல் சுற்றைச் சுற்றும் அந்தச் சில நொடிகள்தான் ஒரு நீராவி ஓட்டத்தின் உயிர். இரண்டு உருளைகள் (சிலிண்டர்கள்) கொண்ட இன்ஜினில் ஒரு சுற்றுக்கு நான்கு முறை ‘சுக்’ ஒலி கேட்கும். வேகம் கூடக் கூட அந்த நான்கும் ஒன்றோடொன்று நெருங்குவதைப் பதிவில் கேட்க முடிந்தால் ஒலி சரியாக அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

முன்பயிற்சி வேண்டுமானால், 2002இல் திறக்கப்பட்ட ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். நின்றுகொண்டிருக்கும் இன்ஜினில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்துவைத்தால், ஓடும் இன்ஜினில் கண் தடுமாறாது. வழக்கமான சேவையில் ஓடும் நீராவி இன்ஜினைப் பார்க்க மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதைக்குத்தான் போக வேண்டும். அதற்குத் தனிக் கட்டுரையே எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: நிற்கும் இடம்

தண்டவாளத்தில் இறங்கக் கூடாது. ரயில்வே சட்டம் 1989இன் 147ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள்; கொருக்குப்பேட்டை போன்ற இடத்தில் பல பாதைகள் அடுத்தடுத்து ஓடுவதால், ஒரு கூட்ஸ் வண்டியின் இரைச்சலில் பக்கத்துப் பாதையில் வரும் மின்சார ரயிலின் சத்தம் சுத்தமாகக் கேட்காது. நடைமேடை, நடை மேம்பாலம், கேட்டுக்கு வெளியே உள்ள பொதுச்சாலை ஆகிய மூன்று இடங்கள் நமக்குப் போதும். நடைமேடைக்குப் பயணச்சீட்டோ பிளாட்பார டிக்கெட்டோ கையில் இருக்க வேண்டும். பிளாட்பார டிக்கெட் இரண்டு மணி நேரம்தான் செல்லும் என்பதால் அதற்கு மேல் காத்திருப்பதானால் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

போனவுடன் நிலைய அதிகாரியைப் பார்த்து, சொந்த விருப்பத்துக்காகக் கூட்ஸ் வண்டி எடுக்க வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அனுமதி இல்லை என்றால் வாதாடாமல் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவேன். ரயில்வே பாதுகாப்புப் படையினர் கேட்டால் எடுத்ததைக் காட்டிவிட வேண்டும். வருமானத்துக்காக எடுப்பதானால் தெற்கு ரயில்வேயின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் முறையாக அனுமதி பெற வேண்டும். டிரோன் வேண்டவே வேண்டாம். துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம் எல்லாம் நெருங்கிக் கிடக்கும் பகுதி இது.

மேம்பாலத்தில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டியது தலைக்கு மேலோ காலுக்குக் கீழோ ஓடும் 25,000 வோல்ட் மின்கம்பி. தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை, நெருங்கினாலே பாயும். உடம்போ, செல்ஃபி குச்சியோ, முக்காலியின் காலோ, மழைக்கு விரித்த குடையோ அதிலிருந்து இரண்டு மீட்டருக்குள் போகக் கூடாது.

இனி ஊர்வாரியாகச் சொல்கிறேன். ராயபுரத்தில் வண்டியைவிடக் கட்டடமே பெரிய ஈர்ப்பு. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்ட நிலையம் அது. அன்று ஆற்காடு என்று அழைக்கப்பட்ட அந்த நிலையம் இன்றைய வாலாஜா ரோடு. அந்தத் தூண்களைப் பின்னணியில் வைத்து, துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் வண்டியை எடுக்க முடிந்தால் ஒரே சட்டகத்தில் 170 ஆண்டு வரலாறு அடங்கிவிடும். தண்டையார்பேட்டையில் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டும் கன்டெய்னர் முனையமும் இருப்பதால், ஓடும் வண்டியைவிடக் கிளம்பும் வண்டியைப் பார்க்க ஏற்ற இடம் அது. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் பகுதிகளில் வீடுகள் பாதையை ஒட்டியே இருக்கின்றன. வாசலில் குளிப்பவர்களும் துணி துவைப்பவர்களும் சட்டகத்துக்குள் வராதபடி எடுப்பது நம் கடமை. எண்ணூரைத் தாண்டினால் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம், அதற்கப்பால் அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் என்று வெளி விரிந்துவிடும். அத்திப்பட்டு புதுநகர், நிலக்கரி வண்டிகளுக்கு. அவற்றில் ஒரு பகுதி இங்கிருந்து மேட்டூர் அனல் மின் நிலையம் வரை போகிறது.

வெயிலைப் பற்றி ஒரு கணக்கு. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை பாதை ஏறக்குறைய வடக்கு–தெற்காகக் கடலுக்கு இணையாக ஓடுவதால், காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நின்றால் வெயில் நம் முதுகில் விழும். இது எல்லோருக்கும் தெரிந்தது. பலர் மறப்பது இன்ஜினின் முகத்தை. கார்த்திகை முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் சென்னையை நோக்கி வரும் வண்டிகளின் முகம் பளிச்சென்று இருக்கும். வடக்கே போகும் வண்டியின் முகம் இருட்டாகிவிடும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சென்னையில் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அந்த மாதங்களின் காலை வேளைதான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் வண்டிகளை எடுக்க ஏற்ற பருவம்.

மூன்றாம் படி: வருவதை முன்கூட்டி அறிதல்

காலை 7 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் லோக்கல் வண்டிகள் நெருக்கமாக ஓடுவதால் கூட்ஸ் வண்டிகள் பெரும்பாலும் யார்டுகளிலும், முக்கியப் பாதையிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் லூப் பாதைகளிலும் ஒதுங்கிக் கிடக்கும். முற்பகல் 11 மணிக்கு மேல் அவை நகரத் தொடங்கும். உச்சிவெயில் படத்துக்கு ஏற்றதல்ல என்றாலும் வண்டி வரும் நேரத்துக்குத்தான் நாம் போக வேண்டும்.

நிலையத்தில் நிற்கும்போது மூன்று அறிகுறிகளைக் கவனியுங்கள். முதலாவது, நடைமேடையின் முனையில் உள்ள ஸ்டார்ட்டர் சிக்னல். நிலையத்திலிருந்து இயக்கப்படும் அந்த சிக்னல், லோக்கல் எதுவும் வரவேண்டியிராத நேரத்தில் பச்சைக்கு மாறினால், நிற்காமல் போகும் ஏதோ ஒன்று வருகிறது. ‘ஏ’ என்ற எழுத்துப் பலகை மாட்டிய தானியங்கி சிக்னல்கள் வண்டி இல்லாதபோதும் பச்சையாகவே இருக்கும் என்பதால் அவற்றை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இரண்டாவது, சிக்னலின் தலைக்கு மேல் சாய்வாக ஐந்து வெள்ளை விளக்குகள் எரிந்தால், வண்டி நேர்ப் பாதையை விட்டுப் பக்கத்துப் பாதைக்குத் திரும்பப் போகிறது. கேமராவை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: நிலையத்தின் கொடிகாட்டும் ஊழியரான பாயின்ட்ஸ்மேன் பச்சைக்கொடியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நிற்பது. நிற்காமல் போகும் வண்டியின் ஓட்டுநருக்கும் பின்னால் இருக்கும் கார்டுக்கும் எல்லாம் சரி என்று அவர் கொடிகாட்ட வேண்டும். சக்கரத்தில் நெருப்போ, தொங்கும் சங்கிலியோ இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். அவர் எழுந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள்.

நான்காம் படி: பார்த்ததை இனங்காணுதல்

இன்ஜினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. ‘டபிள்யூ’ என்றால் அகலப்பாதை, ‘ஏ’ மாறுதிசை மின்சாரம், ‘டி’ டீசல், ‘ஜி’ சரக்கு. ஆக, டபிள்யூ.ஏ.ஜி. 7 என்பது அகலப்பாதையில் ஓடும் மின்சாரச் சரக்கு இன்ஜின். 5,000 குதிரைத்திறன் கொண்டது. எண் பெரும்பாலும் 27 அல்லது 28 என்று தொடங்கும். டபிள்யூ.ஏ.ஜி. 9 இன்ஜினுக்கு 6,000 குதிரைத்திறனுக்கு மேல்; எண் 31இல் தொடங்குவதை அதிகம் காணலாம். அதன் அருகே ராயபுரம், அரக்கோணம், ஈரோடு என்று எந்த ஷெட்டை (இன்ஜின் பராமரிப்புக் கொட்டகையை) சேர்ந்தது என்பதும் எழுதியிருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டும் இனங்காணலாம். ஏ.ஜி. 7 நிற்கும்போதே அதன் காற்றூதிகள் பேரிரைச்சல் போடும். ஏ.ஜி. 9 வகையில் பழைய மின்னணுக் கட்டுப்பாடு உள்ளவை கிளம்பும்போது படிப்படியாக ஏறும் ஒரு சுரவரிசை போலப் பாடும். புதியவற்றில் அது மழுங்கிவிட்டது. அந்தப் பாட்டும் சில ஆண்டுகளில் போய்விடும் என்பதால், கிடைக்கும்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.

வேகன்களில் மேலே திறந்தவை பாக்ஸ்என், நிலக்கரி ஏற்றுபவை. கூரை மூடியவை பி.சி.என்.; உரம், சிமென்ட், தானியத்துக்கு. உருளை வடிவில் இருப்பவை பெட்ரோலியத்துக்கான பி.டி.பி.என். தாழ்வான தட்டையான பி.எல்.சி. வேகன்கள் கன்டெய்னருக்கு. ஒவ்வொரு வேகனிலும் பதினொரு இலக்க எண் இருக்கும். அதில் ஐந்தாவது, ஆறாவது இலக்கங்கள் அது செய்யப்பட்ட ஆண்டு. நின்றிருக்கும் வண்டியின் எண்களைப் படித்துக்கொண்டே நடைமேடையில் நடந்தால், ஒரே வண்டியில் இருபது ஆண்டு வித்தியாசமுள்ள வேகன்கள் தோளோடு தோள் நிற்பது தெரியும்.

ஐந்தாம் படி: படமும் ஒலியும்

பல ஆண்டுகளுக்கு முன் மீஞ்சூர் நடைமேடையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து ஒரு நிலக்கரி வண்டியை எடுத்தேன். இன்ஜின் தாண்டியது, பத்துப் பதினைந்து வேகன் தாண்டியது, போதும் என்று நிறுத்திவிட்டேன். வண்டி முழுவதும் போன பின் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்த வயதான பாயின்ட்ஸ்மேன், “இன்னா தம்பி, பின்னாடியும் ஒரு இன்ஜின் தள்ளினு போச்சே, அத்த எடுக்கலியா?” என்று கேட்டார். பின்னால் இன்ஜின் இணைத்த வண்டியை அந்த நிலையத்தில் அதற்குப் பிறகு எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கடைசி வண்டி இதுதான் என்று காட்டக் கடைசி வேகனின் முதுகில் மாட்டியிருக்கும் ‘எல்.வி.’ பலகை சட்டகத்தை விட்டு வெளியேறி, அதற்கு மேலும் பத்து நொடி ஆகும்வரை நான் பதிவை நிறுத்துவதில்லை.

இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு பாக்ஸ்என் வேகனின் நீளம் சுமார் 10.7 மீட்டர். 58 வேகன்கள் என்றால் 620 மீட்டர். இன்ஜினும், கார்டு இருக்கும் கடைசிப் பெட்டியான பிரேக் வேனும் சேர்த்தால் 650 மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அது உங்களைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும்; 20 கி.மீ. என்றால் இரண்டு நிமிடம். அவ்வளவு நேரம் கையில் பிடித்தால் ஆடும். நடைபாதையை மறிக்காத சிறு முக்காலியோ, மேம்பாலத் தூணில் சாய்த்துப் பிடிப்பதோ நல்லது.

ஒளியளவையும் குவியத்தையும் வண்டி வருமுன்பே பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் முகவிளக்கு நேரே விழும்போது படம் முழுவதும் இருண்டு, பிறகு கரி நிறைந்த கறுத்த வேகன்கள் வரும்போது வானம் வெளுத்துப்போகும். நொடிக்கு 25 சட்டகம் வைத்து எடுத்தால் ஷட்டரை 50இல் ஒரு பங்கு நொடியில் வைத்தால் போதும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நடைமேடை விளக்குகளும் துடிக்காது. வண்டி வரும்போது ஜூம் செய்யாதீர்கள். சட்டகத்தை முன்பே அமைத்துவிட்டு வண்டி அதற்குள் வந்து போகட்டும்.

எண்ணூர்ப் பக்கம் ஒலிதான் பெரும்பாடு. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் மைக்கில் அதன் இரைச்சல் தவிர வேறெதுவும் விழாது. ரோமம் போன்ற காற்றுத்தடுப்பு உறை ஒன்றை வாங்கி மாட்டுவது, புதிய லென்ஸ் வாங்குவதைவிட அதிகப் பயன் தரும் செலவு. ஒலியளவை ஹாரனுக்கு ஏற்றபடி தாழ்த்தி வைக்க வேண்டும். சக்கரத்தின் சத்தத்துக்கு வைத்தால் ஹாரன் அடித்தவுடன் உடைந்துவிடும்.

சரக்கு வண்டியில் நான் மிகவும் விரும்பிப் பதிவு செய்வது அது கிளம்பும் ஒலி. தண்டையார்பேட்டையில் நின்றிருக்கும் வண்டிக்குச் சிக்னல் விழுந்ததும் முதலில் பிரேக் விடுபடும் ‘உஸ்’ என்ற காற்றொலி. பிறகு இன்ஜின் ஓரடி நகர, முதல் இரண்டு வேகன்களுக்கு நடுவிலுள்ள கொக்கி இறுகி ‘டங்’ என்கிறது. அடுத்தது, அதற்கடுத்தது என்று அந்த ஓசை நம்மை நோக்கி ஓடிவந்து, நம்மைத் தாண்டி, வண்டியின் வால்வரை போய்த் தேய்ந்து மறைகிறது. வேகன்களை இணைக்கும் கொக்கிகளில் இருக்கும் சிறு சிறு இளக்கங்கள் வரிசையாக இறுகுவதுதான் அது. ஸ்டீரியோவில் பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேட்டால் ஓசை ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போவது தெரியும். வண்டியின் நடுப்பகுதிக்கு எதிரே நின்றால்தான் இது கிடைக்கும். எல்லோரும் இன்ஜினுக்கு எதிரே நிற்பதால் இதை இழந்துவிடுகிறார்கள். பதிவு செய்யும்போது மட்டும் காதில் ஹெட்ஃபோன் வேண்டாம், பக்கத்துப் பாதையில் வருவது கேட்க வேண்டும்.

நிலக்கரி வண்டி போன பின் லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். அதன்மேல் படிந்திருப்பது கரித்தூளும் உப்பும். துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். ரப்பர் ஊதியால் முதலில் ஊதிவிட்டு, அதன் பிறகே லென்ஸ் துணியைத் தொட வேண்டும்.

ஆறாம் படி: குறித்து வைத்தல்

நாள், நேரம், இடம், திசை, இன்ஜின் எண், ஷெட், வேகன் வகை, எண்ணிக்கை, ஏற்றியதா காலியா என்பதை அங்கேயே குறித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் தவறும். வேகன்களை நேரில் எண்ண முடியாவிட்டால் பதிவை மெதுவாக ஓட்டி எண்ணலாம். முழு வண்டியையும் எடுத்திருந்தால்தான் அதுவும் முடியும். கோப்பின் பெயரிலேயே தேதியையும் நிலையத்தையும் சேர்த்து, இரண்டு தனித்தனி வட்டுகளில் ஒரு நகல் வீதம் வையுங்கள். 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையத்தைப் பின்னணியில் வைத்து எடுத்த என் பதிவுகளில் சில, தேதி குறிக்காததால் எந்த ஆண்டு என்றே சொல்ல முடியாமல் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டில் வேகன் எண் தெளிவாகத் தெரிகிறது. அதன் ஐந்தாவது, ஆறாவது இலக்கங்களைப் பார்த்து, அந்த வண்டி எந்த ஆண்டுக்கு முன் ஓடியிருக்க முடியாது என்ற அளவுக்காவது இப்போது கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.